பதினோரு மிஷினில் பார்த்தது

என் வேலை செக்கிங். பனியன் கம்பெனியில் தைத்து வரும் பீஸை மேசையில் விரித்துப் பார்ப்பது. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல். கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். பேச வேண்டியதில்லை. அம்பு சொல்லும். இருபத்திரண்டு வருடமாக ஒட்டுகிறேன். எட்டாவது வரை படித்தேன். இதற்கு அது போதும்.

மேசைக்கு மேலே இரண்டு டியூப் லைட். மேசை வெள்ளை. பீஸும் பெரும்பாலும் வெள்ளை. மதியம் மூன்று மணிக்கு மேல் வெள்ளைக்குள் வெள்ளையாகத் தெரியும். பஞ்சுத் தூசி லைட்டுக்குக் கீழே மிதந்துகொண்டே இருக்கும், இறங்காது. கை பீஸைத் திருப்பும். கண் பார்க்கும். நான் வேறு எங்கோ இருப்பேன். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு வருடம் ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். பதினொன்று. எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அச்சு. வேஸ்ட் துணி ரூமில் மூட்டைகளுக்கு நடுவே போட்டிருந்தார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். செக்கிங் பெண்கள் பதினோரு பேரும் ஆளுக்கொன்று எடுத்தோம். எதுவும் ஓடவில்லை. போட்டால் விழிக்கும், திரும்பத் தூங்கிவிடும்.

காதர்பேட்டையில் பனியன் கழுத்து லேபிள் அச்சடிக்கும் கடைக்காரர் ஒருவரைத் தெரியும். என்னுடையதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“விண்டோஸுக்குப் பதிலா இதுல லினக்ஸ் போட்டா ஓடுமுங்க்கா,” என்றார். “காசு கேக்காது. உள்ள என்ன இருக்குதுன்னு யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம். ஒளிச்சு வெக்கறதே இல்லீங்க.”

பென் டிரைவைச் செருகி ஏதோ அடித்தார். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின. நிட்டிங் மிஷினில் துணி இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டீ வந்தது, ஆறியது. என்னுடையது ஓடியது. மற்ற பத்திலும் நானே போட்டேன், வீடு வீடாகப் போய்.

அந்தக் கடைக்காரர் லினக்ஸ் பிடித்தவர்களைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தார். மாதம் எட்டுப் பக்கத்தில் ஓர் இதழ். அவரேதான் ஆசிரியர். போனிலும் அனுப்புவார், லேபிள் மிஷின் ஓயும்போது அச்சிலும் போடுவார். எனக்கு அச்சில்தான் வேண்டும். பீஸைப் பார்ப்பதுபோல் மேசையில் விரித்துப் பார்ப்பேன். சொன்னபடி செய்து பார்ப்பேன். ஓடாத வரியில் அம்பு ஒட்டி, ஓரத்தில் இரண்டு வார்த்தை எழுதி, இதழையே திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடிதம் எழுத எனக்கு வராது.

ஆசிரியர் அதையே ஒரு பகுதியாக்கினார். கட்டம் கட்டி, அம்பு படம் போட்டு, திருத்தம். யார் பெயரும் இருக்காது. ஒரு விதி வைத்திருந்தார்: தப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வரவேண்டும். மூலையில் ஒளிக்கக் கூடாது. நாளாக ஆக, கட்டுரையைவிட அம்பை நம்புகிறவர்கள் அதிகமானார்கள். செக்கிங் மேசையிலும் விஷயம் பரவிவிட்டது.

“அம்புக்குறி அக்கா, என்ற மூஞ்சியில ஒண்ணு ஒட்டுங்க, ஊட்டுக்காரரு பாக்கட்டும்.”

“உன்ற மூஞ்சிக்கு ஒண்ணு பத்தாது, ரோல் வேணும்.”

சிரிப்பார்கள். நானும் உள்ளுக்குள் சிரிப்பேன்.

ஒரு மாதம் பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றுவது எப்படி என்று கட்டுரை வந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் முதல் டிஸ்க்குக்குப் பெயர் ‘ஏ’. அடுத்தது ‘பி’, அதற்கடுத்தது ‘சி’. எதில் எழுத வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். சொன்னால் எழுதிவிடும், கேள்வி கேட்காது. அதனால் கட்டுரை எழுதியவர் நீளமாகச் சொல்லியிருந்தார். பென் டிரைவைச் செருகும் முன் ஒரு முறை பெயர்களைப் பார், செருகிய பின் ஒரு முறை பார், புதிதாக வந்த பெயர்தான் உன் பென் டிரைவ், அதைப் போடு.

குழப்பமாக இருக்கிறது என்று மூன்று நான்கு வாசகர் கடிதங்கள் வந்தன. நான் என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். டிஸ்க் ஏ. பென் டிரைவ் பி. மேசைக்காரிகளின் பத்திலும் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பி. இதற்கு ஏன் சுற்றி வளைக்க வேண்டும் என்று தோன்றியது. அம்பு ஒட்டினேன். முதல் முறையாக மூன்று வரி எழுதினேன்.

‘நீளம் வேண்டாம். பி என்று போடவும். பதினோரு மிஷினில் பார்த்தது.’

ஆசிரியருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அப்படியே போட்டார். அச்சில் என் மூன்று வரியைப் பார்த்தேன். அன்று மதியம் வெள்ளைத் துணியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். எந்தப் பீஸிலும் அந்த மூன்று வரிதான் தெரிந்தது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆசிரியர் கடைக்குக் கூப்பிட்டார்.

“ஏனுங்க்கா, ஒரு கடுதாசி வந்திருக்குதுங்க. படிச்சுப்போட்டு உக்காருங்க.” பிறகு, “இல்லீங்க, உக்காந்துட்டுப் படிங்க,” என்றார்.

காகிதம் காகிதமாக இல்லை. எம்பிராய்டரி போடும்போது துணிக்கு அடியில் வைப்பார்களே, மெல்லிய வெள்ளைப் பேப்பர், துணிபோல் நெகிழும், அது. அதில் பேனாவால் எழுதியிருந்தது.

‘சென்ற இதழ் ஐந்தாம் பக்க அம்புக்குறியில் சொன்னபடி செய்தேன். என் கம்ப்யூட்டரில் டிஸ்க் இரண்டு. பி என்பது என் இரண்டாவது டிஸ்க். அதில் ஒன்பது வருட டிசைன்கள் இருந்தன. இப்போது காட்டவில்லை. மற்றவர்கள் செய்யாமல் இருக்க இதைப் போடவும். குறை சொல்ல எழுதவில்லை.’

கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். லேபிள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சைஸ், ஒரே சைஸ், ஒரே சைஸ் என்று லேபிள்கள் விழுந்துகொண்டிருந்தன.

“தப்பு என்னுதுங்க,” என்றார் ஆசிரியர். “நாந்தான அச்சுல ஏத்துனேன்.”

“ஒட்டுனது நான்,” என்றேன்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. செக்கிங்கில் முதல் பாடம் அது. சாம்பிள் எடுத்தால் ஒவ்வொரு பண்டலிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒரே பண்டலில் பதினொன்று எடுத்தால் பதினொன்றைப் பார்த்ததாக ஆகாது. ஒன்றைப் பார்த்ததாகத்தான் ஆகும். ஒரே நாளில் வாங்கிய பதினொன்று. ஒரே பண்டல். புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வதே இதுதான்.

மறுநாள் ஞாயிறு. குன்னத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போனேன். ஷெட்டுகள் வரிசையாக இருக்கும் இடம். ஆறு தலை எம்பிராய்டரி மிஷின் ஒன்று ஓடாமல் நின்றது. ஆறு ஊசிப் பெட்டிகளும் தலையைக் குனிந்து நின்றன. கடிதம் எழுதிய பெண் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பேச்சு தூத்துக்குடிப் பக்கம்.

“யாரு வேணும்க்கா?”

“அம்பு ஒட்டுனது நானுங்க.”

நூலை விட்டாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்கதானா அது. அம்பு விடுத கையப் பாக்கணும்னு இருந்தேன்.” பார்த்தாள். “சாதாரணக் கையாத்தான் இருக்கு. உக்காருங்க, டீ சொல்லுதேன்.”

“டிஸ்க்கப் பாக்கலாங்களா?”

“அழிஞ்சத என்னத்துக்குப் பாக்கணும்? பாக்கதுக்கு அங்க என்ன இருக்கு?”

டீ வந்த பிறகு சொன்னாள். ஏழு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் பேட்ஜ் போடுகிறாள். பள்ளி திறக்க இருபத்தைந்து நாள். பேட்ஜ் டிசைன் எல்லாம் அந்த டிஸ்கில். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தையலாக அவளே உட்கார்ந்து வரைந்தது. ஒன்றை வரைய நான்கு நாள் ஆகும். ஏழையும் வரைந்து, பிறகு சட்டை ஓட்ட நாள் இல்லை.

“பேட்ஜ் இல்லன்னா சட்டை இல்ல. சட்டை இல்லன்னா அடுத்த வருசம் நான் இல்ல. வேற ஆளுகிட்ட போயிருவாங்க,” என்றாள். “பத்திரமா இருக்கட்டும்னுதான் தனி டிஸ்க்குல வச்சேன். ஒரே டிஸ்க்குல போட்டு வச்ச சோம்பேறிக்கெல்லாம் ஒண்ணும் ஆகலல்லா? என்ன நியாயம் இது!”

சிரித்தாள். நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் ஸ்கூட்டரில் காலி டிஸ்க் ஒன்றோடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு டிஸ்கைத் தொட்டாளா என்று கேட்டார். இல்லை, அன்றைக்கே வயரைப் பிடுங்கிவிட்டாள். அதுதான் நல்லது என்றார்.

“லினக்ஸ் எழுதுனது டிஸ்க்கோட தலையில மட்டுந்தானுங்க. ஒடம்பு அப்படியே கெடக்கும். எங்க என்ன இருக்குதுங்கற பட்டியல்தான் போச்சு. மொதல்ல அப்படியே நகல் எடுத்துப்போடலாம். அப்பறம் நகல்ல தேடலாமுங்க.”

நகல் எடுக்க அன்று முழுக்க ஆனது. மூன்று பேரும் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வெயில். கதவின் சதுரம் தரையில் மெல்ல நகர்ந்தது. ஒரு பெரிய வீட்டை இருட்டில் தூக்கி வேறு இடத்தில் வைப்பதுபோல் இருந்தது, உள்ளே இருப்பவர் எழாமல்.

நான்கு நாள் கழித்து மேசைக்கு போன் வந்தது.

“அக்கா, தேடுத புரோகிராம் போட்டேன். போட்டோவா வருது. கோயில் திருவிழா வருது, எங்க அண்ணன் ஆட்டுக்குட்டி வருது. டிசைன் ஒண்ணுகூட வரல.”

லீவு சொன்னேன். மேனேஜர் ஆச்சரியமாகப் பார்த்தார். போய்ச் சேர்ந்தபோது திரையில் அந்த ஆட்டுக்குட்டி நின்றுகொண்டிருந்தது.

ஆசிரியரிடம் போனில் கேட்டேன். அந்தப் புரோகிராமுக்குப் போட்டோ தெரியும், பாட்டுத் தெரியும்; எம்பிராய்டரி டிசைன் எப்படி இருக்கும் என்று தெரியாது என்றார். தெரியாததை எப்படித் தேடும்?

செக்கிங்கில் அப்ரூவல் சாம்பிள் என்று ஒன்று உண்டு. நல்ல பீஸ் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்ப்போம்.

“நல்ல டிசைன் ஏதாச்சும் கையில இருக்குதுங்களா?”

எம்பிராய்டரி மிஷினுக்குள்ளேயே மூன்று தங்கியிருந்தன. எடுத்து, டிசைனாக இல்லாமல் வெறும் எழுத்தாகத் திறந்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டியதில்லை. மூன்று பீஸைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். உடம்பெல்லாம் வேறு வேறு. தொடக்கம் மட்டும் ஒன்று. அதே இரண்டு இங்கிலீஷ் எழுத்து, ஒரு புள்ளி அடையாளம், பிறகு டிசைனின் பெயர்.

“கழுத்து லேபிளாட்டம் இருக்குது,” என்றேன்.

ஆசிரியரிடம் சொன்னேன். “அக்கா, அதைத்தானுங்க தேடச் சொல்லோணும்,” என்றார். ஒரு வரி எழுதச் சொன்னார். இந்த இரண்டு எழுத்தில் தொடங்குவதெல்லாம் டிசைன், எடு. அவள் எழுதினாள்.

மதியத்துக்கு மேல் வரத் தொடங்கின.

ஒவ்வொன்றாக வந்தன. கோப்பின் பெயர் போயிருந்தது. உள்ளே லேபிளில் பெயர் இருந்தது. மயில். தாமரை. படகு. யாரோ ஒரு குழந்தையின் முதல் எழுத்து. அவள் ஒவ்வொன்றையும் பார்த்து, “ஏ, நீயா?” என்றாள். “உன்ன மறந்தே போயிட்டேனே.” ஒன்பது வருடம் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்த்தால் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். வேஸ்ட் துணியை மாட்டி ஓட்டினாள். நான் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தேன். சிலது முழுசு. சிலது பாதி. பாதி மயில், தோகை இல்லாமல். ஒரு கப்பல் திடீரென்று ரோஜாவாக முடிந்தது. பாதியில் எல்லாம் அம்பு ஒட்டினேன். தரையெல்லாம் வெள்ளைத் துண்டுகள். அதன்மேல் சிவப்பு அம்புகள், பாதிப் பறவைகள். ஊசிகள் ஆறும் ஒன்றாக இறங்கி ஏறின. அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் மாதிரி ஒன்று வந்தது. ஆனால் கண் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு பள்ளிக்கூடம் முழுசாக வந்துவிட்டது. ஏழாவது வரவில்லை. புத்தகத்தின்மேல் குத்துவிளக்கு, சுற்றி வளையம். அவள் முதன்முதலில் வரைந்தது. முதலில் வைத்ததால் டிஸ்கின் தலையில் இருந்திருக்கிறது. நான் பி என்று எழுதச் சொன்னது அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

“அதுதான் பெரிய ஸ்கூலு,” என்றாள்.

“ஸ்கூல்ல படம் இருக்காதுங்களா?”

“சீல்தான் இருக்கு, தம்மாத்துண்டு. போன வருசச் சட்டையெல்லாம் டெலிவரி ஆயிட்டு. என்கிட்ட சாம்பிள்கூட இல்ல.”

மறுநாள் செக்கிங் மேசையில் எழுந்து நின்றேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய சட்டை யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஏய், அம்புக்குறி அக்கா பேசுது டோய்!”

“என்ற பெரியவளோடது கெடக்குதுங்க்கா,” என்றாள் கடைசியில் உட்கார்ந்திருந்தவள். “அதை வெச்சுத்தான் வண்டி தொடைக்கறேன்.”

கொண்டுவந்தாள். துணி நைந்து, ஆயில் குடித்து, என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் இருந்தது. பேட்ஜ் அப்படியே இருந்தது. துவைத்துக் காயவைத்து ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன்.

மேலே பார்த்து வரைந்தால் நான்கு நாள்; பெரிய ஸ்கூல், சட்டை அதிகம், அவ்வளவு நாள் இல்லை. எது முதலில், எது அடுத்து, ஊசி எந்தப் பக்கமாகப் போனது என்று தெரிந்தால் ஒரு நாள். தெரிய ஒரே வழி, பிரிப்பது. பிரிக்க எனக்குத் தெரியும். பின்பக்கமாகத் திருப்பி, அடிநூலை வெட்டி, ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் தைத்தது முதலில் வந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் திரையில் போட்டாள்.

“வளையம். வலமிருந்து.”

“ம்.”

“சுடர். கீழிருந்து மேலே.”

“நான் அப்படியா போட்டேன்? சரி, சொல்லுங்க.”

விளக்கு போனது. புத்தகம் போனது. எல்லாவற்றுக்கும் அடியில் வெளிறிய அடித்தையல் ஒன்று இருந்தது, வெளியே தெரியவே தெரியாதது. அதையும் எடுத்தேன். துணியில் ஊசி ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். பேட்ஜ் முழுதும் வெளிச்சப் புள்ளிகளாக நின்றது. அவளும் வந்து பார்த்தாள்.

“ஒம்பது வருசத்துக்கு முந்தி நான் என்ன நினைச்சேன்னு காட்டுது,” என்றாள்.

சாயங்காலம் ஓட்டினாள். புத்தகம், விளக்கு, சுடர், வளையம். உற்றுப் பார்க்க நேரமில்லை. மறுநாளே சட்டைகள் மிஷினில் ஏறின.

அந்த மாதம் நான் திருத்தம் எழுதினேன். அதே ஐந்தாம் பக்கம், அதே அளவு எழுத்து. எழுத மூன்று நாள் ஆனது.

‘பி என்று போடச் சொன்னது தப்பு. பதினோரு மிஷினும் ஒரே லாட். கட்டுரை சொன்னபடி இரண்டு முறை பார்க்கவும். ஒரு வாசகரின் பேட்ஜ் டிசைன்கள் போயின. எல்லாம் திரும்பின.’

ஆசிரியர் வாசித்தார். “‘சில கணினிகளில் மாறக்கூடும்’னு போட்டுக்கலாமுங்களா? இவ்வளவு பட்டுனு வேண்டாமுங்க்கா.”

“தப்பு பட்டுனுதான வந்துச்சு.”

அப்படியே போட்டார். கடிதங்கள் வந்தன. அம்புக்கே அம்பா என்று ஒருவர் கேலி செய்திருந்தார். தானும் அந்த வரியைச் செய்யப் போய், ஏதோ வேலை வந்து எழுந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

குன்னத்தூர் ரோட்டிலிருந்து இதழே திரும்பி வந்தது. ஐந்தாம் பக்கத்தில், ‘எல்லாம் திரும்பின’ என்ற இடத்தில் சிவப்பு அம்பு. அன்று நான் அங்கே தரையில் விட்டுவந்த ரோலிலிருந்து. ஓரத்தில் எழுதியிருந்தாள்: ‘ஒன்று திரும்பவில்லை. அது நாம் செய்தது. திருத்தவும்.’

ஆசிரியர் அதையும் போட்டார். அதே பக்கம், அதே அளவு.

பள்ளி திறந்த வாரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் பிள்ளை எனக்கு முன்னால் நின்றது. புதுச் சட்டை, கஞ்சி மணம். புத்தகம், விளக்கு, வளையம். பார்க்காமல் இருக்கத் தெரியாது எனக்கு. சுடர் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நூல் அகலம்தான். கை தானாகப் பைக்குள் போனது. பஸ் வந்தது. பிள்ளை ஏறிப் போனது.

டீ நேரத்தில் குன்னத்தூர் ரோட்டுக்கு போன் போட்டேன்.

“சுடர் சாயுதுங்க.”

“தெரியும்க்கா. முதல் சட்டையிலயே பாத்துட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா ரோலத் தூக்கிட்டு வந்திருவீங்கல்லா. ஸ்கூல்ல யாரும் ஒண்ணும் சொல்லல, அடுத்த வருசத்துக்கும் சொல்லிட்டாங்க. காத்தடிக்குன்னு வச்சுக்கிடுங்க.” பிறகு கேட்டாள், “பழசுல நேரா இருந்துச்சா?”

நினைத்துப் பார்த்தேன். வளையம் நினைவிருந்தது. ஆயில் கறை நினைவிருந்தது. சுடர் நினைவில்லை.

அந்தத் துணி என்னிடம் இருக்கிறது. மதியம் எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். பஞ்சுத் தூசி அதைச் சுற்றி மிதந்தது. புள்ளிகள் வந்தன. புத்தகம், விளக்கு. சுடர் இருந்த இடத்தில் துணி ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. முன்பே அப்படியா, பிரிக்கும்போது என் கை இழுத்ததா, தெரியவில்லை. பார்த்துச் சொல்ல வேறு சாம்பிள் இல்லை. இருந்த ஒன்றையும் நான்தான் பிரித்துவிட்டேன்.